நேயர் எழுதும் கடிதம்

வானொலியில் பேசுகின்றவனுடைய நிலை சற்று விசித்திரமானது. மேடைப் பேச்சாளனுக்கு எதிரே முகங்கள் இருக்கின்றன. ஒருவர் கொட்டாவி விட்டால் அவன் பேச்சைச் சுருக்குகின்றான். ஒருவர் தலையசைத்தால் ஊக்கம் பெறுகின்றான். ஒலிப்பதிவு அறையில் உட்கார்ந்திருப்பவனுக்கோ எதிரே சுவரும் கடிகாரமுமே உண்டு. தான் சொன்னது பாட்னாவில் ஒரு வீட்டிற்குப் போய்ச் சேர்ந்ததா, சேர்ந்தபோது அங்கே குழந்தை அழுததா, சொன்ன சொல் விளங்கியதா என்பதொன்றும் அவனுக்குத் தெரியாது. அச்சிட்ட பக்கத்தில் எழுதுகின்றவன் நிலையும் ஏறக்குறைய இதுவே. இவ்விருவரும் முகம் காண்பதற்கு உள்ள வழி, கேட்டவரோ படித்தவரோ எழுதியனுப்பும் கடிதம் ஒன்றுதான்.

இதற்கேற்பவே தமிழ் வானொலி ஓர் அழகிய சொல்லை வழக்கில் கொண்டுவந்தது. ஆங்கிலத்தில் கேட்பவர் என்று மட்டுமே பொருள்படும் சொல் வழங்குகின்றது. இந்தியிலும் 'ஸ்ரோதா' என்பதற்குக் கேட்பவர் என்பதே பொருள். நாம் மட்டும் 'நேயர்' என்கின்றோம். நேயம் என்பது அன்பு. காது கொடுப்பவர் என்பதோடு நில்லாமல் அன்பு கொண்டவர் என்று பெயரிட்டுவிட்டோம். அன்பு கொண்டவர் வாய்மூடி இருப்பதில்லை. குறை கண்டால் சொல்லுவார். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கு, இந்தச் சொல்லை வேறு மொழியில் பெயர்க்க வேண்டி வரும்போதெல்லாம் கை சற்றுத் தயங்குவதுண்டு.

கடிதம் எழுதும் நேயர்களைப் பற்றிப் பேசத் தொடங்கினால், ஜும்ரி தலையா என்ற ஊரைச் சொல்லாமல் இருக்க இயலாது. இன்று ஜார்க்கண்டு மாநிலத்தில் கோடர்மாவை அடுத்துள்ள அச்சிறு நகரம், ஒரு காலத்தில் அப்பிரகச் சுரங்கங்களுக்குப் பெயர் பெற்றிருந்தது. ஆயினும் இந்தியா முழுவதும் அதன் பெயரை அறிந்தது அப்பிரகத்தால் அன்று. நேயர் விருப்பக் கடிதங்களால். 1952-ஆம் ஆண்டு இலங்கை வானொலியில் அமீன் சயானி நடத்தத் தொடங்கிய 'பினாக்கா கீத்மாலா'வுக்கும், 1957-இல் தொடங்கிய நம் 'விவித பாரதி'க்கும் அவ்வூரிலிருந்து கட்டுக்கட்டாகக் கடிதங்கள் போயின. தம் பெயரோடு மனைவி, மக்கள், நண்பர், அண்டை வீட்டார் பெயர்களையெல்லாம் அடுக்கி எழுதுவது அவர்கள் வழக்கம். அறிவிப்பாளர் அந்தப் பெயர்களை ஒவ்வொன்றாகப் படிப்பார். எங்கோ மலைச்சாரலில் இருக்கும் ஓர் ஊரின் பெயர் ஹைதராபாத்திலும் நாகபுரியிலும் இருப்போர் செவியில் விழுந்தது. அப்படி ஓர் ஊர் உண்மையில் இல்லை, அது கற்பனைப் பெயர் என்று நம்பியவர்களும் இருந்தார்கள்!

இதைச் சொல்லும்போது நகைப்பு வருகின்றது. ஆயினும் இதில் ஓர் எச்சரிக்கை இருப்பதையும் கவனித்தல் வேண்டும். ஓர் ஊரார் ஓயாமல் எழுதினால், அவர்கள் விரும்பும் பாட்டே நாடு விரும்பும் பாட்டு என்ற தோற்றம் உண்டாகிவிடும். எழுதத் தெரிந்தவர், எழுத ஓய்வு உள்ளவர், எழுதும் ஆசை உள்ளவர் ஆகிய இவர்கள் குரலே நிலையத்தை எட்டும். வயலிலிருந்து திரும்பி, அடுப்படியில் நின்றுகொண்டே கேட்டவளின் கருத்து யாருக்கும் தெரியாது. கடிதங்களை எண்ணிப் பார்த்து முடிவு செய்கின்ற அதிகாரி இதனாலேயே பல தடவை ஏமாறுகின்றார். கடிதத்தின் மதிப்பு எண்ணிக்கையில் இல்லை என்பது என் கருத்து. நூறு பாராட்டுக் கடிதங்கள் சொல்லாத ஒன்றை ஓர் அஞ்சலட்டை சொல்லிவிடக் கூடும்.

எழுதாதவர் கருத்தையும் அறிவது எவ்வாறு? இக்கேள்விக்கு நம் நாட்டிலேயே ஒரு முறை பெரிய அளவில் விடை காண முயன்றார்கள். அந்த முயற்சியைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகின்றேன். ஏனெனில் அதனை இப்போது பலர் மறந்துவிட்டார்கள்.

1956-ஆம் ஆண்டில், யுனெஸ்கோவின் துணையோடு, அகில இந்திய வானொலி புனாவிலிருந்து ஒரு சோதனையைத் தொடங்கியது. அன்றைய பம்பாய் இராஜ்யத்தில் மராத்தி பேசும் ஐந்து மாவட்டங்களில் ஏறக்குறைய 150 கிராமங்களைத் தெரிந்தெடுத்தார்கள். ஒவ்வொரு கிராமத்திலும் இருபது பேர் அளவில் ஒரு மன்றம். வாரத்திற்கு இரண்டு நாட்கள், பத்து வாரங்கள், ஆக இருபது ஒலிபரப்புகள். ஒவ்வொன்றும் அரைமணி நேரம். வேளாண்மை, சுகாதாரம், படிப்பு, ஊர் நிர்வாகம் என்று பொருள்கள் அமைந்தன. இதுவரையில் புதுமை எதுவும் இல்லை. கிராமத்தாருக்கு வானொலி அறிவுரை சொல்லுவது அதற்கு முன்பும் உண்டு. புதுமை, பெட்டியின் ஒலி அடங்கிய பிறகு நடந்தது. மன்றத்தார் கலைந்து போய்விடவில்லை. கேட்டதைப் பற்றித் தமக்குள் விவாதித்தார்கள். எழுதத் தெரிந்த ஒருவர் அதைக் குறித்துக்கொண்டு, ஐயங்களையும் மறுப்புகளையும் புனா நிலையத்திற்கு அனுப்பினார். அவற்றுக்கான விடை பின்னர் வந்த ஒலிபரப்பில் ஒலித்தது.

இம்முறை கனடா நாட்டிலிருந்து வந்தது. அங்கே 1941-ஆம் ஆண்டு முதல் பண்ணை வானொலி மன்றங்கள் நடந்து வந்தன. படி, கேள், விவாதி, செயல்படு என்பது அவற்றின் கொள்கை. கனடாவில் உழவர் பெரும்பாலும் எழுத்தறிந்தவர். ஆதலால் 'படி' என்பதை முதலில் வைத்தார்கள். மகாராஷ்டிரக் கிராமங்களிலோ 'கேள்' என்பதிலிருந்துதான் தொடங்க முடிந்தது. ஆனால் விவாதிப்பதற்கு எழுத்தறிவு தேவையில்லை அல்லவா? கைந்நாட்டு வைக்கும் கிழவரும், 'சர்க்கார்க்காரர் சொல்லும் உரம் எங்கள் கருமண்ணுக்கு ஒத்துவராது' என்று சொல்ல முடிந்தது. அவர் சொன்னதை ஒருவர் எழுதினார். எழுதாதவர் குரலும் இவ்வாறு நிலையத்தை எட்டியது.

சோதனையின் பயனை அளந்து பார்க்கும் பொறுப்பு பம்பாயிலுள்ள டாட்டா சமூகவியல் கழகத்திடம் ஒப்படைக்கப்பட்டது. பால் நாய்ராத் என்ற சமூகவியல் அறிஞர் ஆய்வை நடத்தினார். மன்றம் அமைத்த கிராமங்களோடு, வானொலிப் பெட்டி மட்டும் இருந்து மன்றம் இல்லாத கிராமங்களையும், பெட்டியே இல்லாத கிராமங்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஒலிபரப்புக்கு முன்பும் பின்பும் ஊராரிடம் வினாக்கள் கேட்கப்பட்டன. மன்றம் இருந்த ஊர்களில் அறிவு வியக்கத்தக்க அளவு வளர்ந்திருந்தது. பெட்டி மட்டும் இருந்த ஊர்களில் வளர்ச்சி மிகச் சிறிதே.

இந்த முடிவை நின்று நிதானித்துப் பார்க்க வேண்டும். ஒரே நிலையம், ஒரே பேச்சு, ஒரே மொழி. ஓரிடத்தில் அது விதையாயிற்று. மற்றோரிடத்தில் காற்றோடு போயிற்று. திரும்பிப் பேச வாய்ப்பு இருந்ததும் இல்லாததுமே வேறுபாடு. தான் கேட்கப்போவதைப் பற்றிப் பின்னர் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கும் என்று அறிந்தவன் வேறு விதமாகக் கேட்கின்றான். தான் சொல்லுவதற்கு எதிர்வார்த்தை வரும் என்று அறிந்தவனும் வேறு விதமாகப் பேசுகின்றான். புனா நிலையத்தின் பேச்சாளர்களைப் பற்றித் தனியே அளந்து பார்த்திருந்தால், அவர்களும் அந்தப் பத்து வாரங்களில் எவ்வளவோ கற்றிருப்பார்கள் என்று நான் துணிந்து சொல்லுவேன்.

1959-ஆம் ஆண்டில் இத்திட்டம் நாடு முழுவதற்கும் விரிவாக்கப்பட்டது. விரிந்த பிறகு அது முதலில் இருந்த வலிமையோடு நிற்கவில்லை. 150 ஊர்களிலிருந்து வரும் ஐயங்களுக்கு விடை சொல்ல முடியும். பல்லாயிரம் ஊர்களுக்கு யார் சொல்வது? பதில் வராத இடத்தில் கேள்வியும் நாளடைவில் நின்றுவிடும்.

தமிழ்நாட்டில் இதே பாதையில் ஒரு நல்ல விளைவு உண்டாயிற்று. 1966-ஆம் ஆண்டில் திருச்சி நிலையத்தில் பண்ணை ஒலிபரப்புக்கென்று தனிப் பிரிவு ஏற்பட்டது. காவிரிப் படுகையில் அப்போது புதிதாக வந்த 'ஆடுதுறை 27' என்னும் நெல்லைப் பற்றி அது ஓயாமல் பேசியது. உழவர்கள் அந்நெல்லுக்கு 'ரேடியோ நெல்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். தஞ்சைப் பக்கத்திலிருந்து வந்து தில்லியிலும் பம்பாயிலும் குடியேறிய முதியவர்கள் பலர் அந்தப் பெயரை இன்றும் நினைவு வைத்திருக்கின்றார்கள்.

ஏட்டு உலகத்திலும் வாசகர் கடிதத்தின் பெருமைக்குச் சான்று உண்டு. டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1887-ஆம் ஆண்டு சீவக சிந்தாமணியை அச்சிட்டபோது கும்பகோணத்தில் கல்லூரி ஆசிரியராக இருந்தார். அந்நூல் சமண காவியம். ஐயர் சைவ நூல்களில் தோய்ந்தவர். விளங்காத இடங்களை அவ்வூர்ச் சமண அன்பர்களிடம் கேட்டுக் கேட்டே தெளிந்தார். அச்சான பிறகு பாராட்டும் வந்தது, கண்டனமும் வந்தது. பாரிஸ் நகரத்துப் பேராசிரியர் ஜூலியன் வின்ஸன் தமிழிலேயே கடிதம் எழுதினார். அந்நகரத்து நூலகத்தில் இருந்த தமிழ் ஏடுகளைப் பற்றிய செய்தியும் அக்கடிதத் தொடர்பால் கும்பகோணத்திற்கு எட்டியது. ஒரு நூலை வெளியிட்டால் அடுத்த நூலுக்கு வழி பிறக்கும் என்பது ஐயர் வாழ்க்கையில் கண்கூடு. அவ்வழியை அமைத்தவர்களில் பலர் அவர் முகம் பாராத வாசகர்கள்.

பெரியோர் வரலாற்றைச் சொல்லிவிட்டு என் சிறு வரலாற்றையும் சொல்லுவதற்கு நேயர்கள் பொறுத்தருள வேண்டும். அது பெருமையான செய்தி அன்று.

நான் மத்திய சர்க்காரில் தமிழ் மொழிபெயர்ப்பாளன். ஆங்கிலத்திலும் இந்தியிலும் வருகின்ற அறிக்கைகளையும் துண்டுப் பிரசுரங்களையும் தமிழில் பெயர்ப்பது என் வேலை. சில ஆண்டுகளுக்கு முன், பிற மாநிலங்களில் வாழும் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்களுக்கென்று ஒரு சுகாதாரப் பிரசுரம் என்னிடம் வந்தது. குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு கண்டால் செய்ய வேண்டியவை அதில் சொல்லப்பட்டிருந்தன. உப்பும் சர்க்கரையும் கலந்த நீர் கொடுப்பது அதில் தலையாயது.

இந்த எளிய நீரின் வரலாறு நேயர்களில் சிலர் அறிந்திருக்கலாம். 1971-ஆம் ஆண்டில் வங்கதேசப் போரின்போது, மேற்கு வங்கத்துப் போன்காவ் என்ற இடத்து அகதி முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் மருந்துநீர் தீர்ந்து போயிற்று. டாக்டர் திலீப் மகாலனாபிஸ் என்பவர் உப்பும் குளுக்கோசும் கலந்த நீரைப் பீப்பாய்களில் நிரப்பி, நோயாளிகளின் உறவினர் கையாலேயே பருகச் செய்தார். நூற்றுக்கு முப்பது பேர் என்ற அளவில் இருந்த சாவு, நான்குக்கும் குறைவாக இறங்கியது. குடல், உப்பைத் தனியே கொடுத்தால் சரிவர ஏற்காது. இனிப்போடு கொடுத்தால் ஏற்கும். உப்பின் பின்னே நீரும் உடம்பில் சேரும். மருந்துக் கடையில் இதற்கான பொட்டலம் கிடைக்கும், அதுவே சிறந்தது. கிடைக்காத இடத்தில், ஒரு லிட்டர் தூய நீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும், தலைதட்டிய அரைத் தேக்கரண்டி உப்பும் சேர்த்துக் கரைக்க வேண்டும்.

மூலத்தில் இருந்தது இதுதான். நான் என்ன செய்தேன்? ஒரே வாக்கியத்தில் 'தேக்கரண்டி' என்ற சொல் இரண்டு தடவை வருவது நடைக்கு அழகன்று என்று எண்ணினேன். கலைக் கல்லூரியில் இலக்கியம் பயின்றவனுக்கு வரும் நோய் இது. முதலில் 'ஆறு தேக்கரண்டி சர்க்கரை' என்று எழுதிவிட்டு, அடுத்து 'அரைக் கரண்டி உப்பு' என்று சுருக்கினேன். முன் சொன்ன கரண்டியே பின்னும் வரும் என்பது படிப்பவருக்குத் தானே விளங்கும் அல்லவா? மேலதிகாரி பார்த்தார்; சரி என்றார். அச்சுப்பிழை பார்த்தவரும் ஒன்றும் சொல்லவில்லை. பிரசுரம் வெளியாயிற்று.

ஏறக்குறைய ஒரு மாதம் கழித்து ஓர் உள்நாட்டுக் கடிதம் வந்தது. பம்பாயில் தாராவியில் வசிக்கும் ஓர் அம்மையார் எழுதியது. திருநெல்வேலிப் பக்கத்தவர் என்பது நடையிலேயே தெரிந்தது. எழுத்து பெரிது பெரிதாக, வரிகள் ஏறியும் இறங்கியும் இருந்தன. தம் வரிசையில் தமிழ் படிக்கத் தெரிந்தவர் தாம் ஒருவரே என்றும், எந்தக் காகிதம் வந்தாலும் மற்றப் பெண்களுக்குப் படித்துக் காட்டுவது தம் வழக்கம் என்றும் எழுதியிருந்தார். பிறகு ஒரு கேள்வி. ஐயா, அரைக் கரண்டி உப்பு என்று போட்டிருக்கிறீர்களே, அது குழம்புக் கரண்டியா, சோற்றுக் கரண்டியா? ஒருத்தி குழம்புக் கரண்டியை எடுத்துவிட்டாள். கலந்ததை நான் நாக்கில் வைத்துப் பார்த்தேன், கடல் தண்ணீர் மாதிரி இருந்தது, பிள்ளைக்குக் கொடுக்க வேண்டாம் என்று கொட்டச் சொல்லிவிட்டேன், நான் செய்தது தப்பா?

அக்கடிதத்தைப் படித்தபோது என் கை நடுங்கியது என்று சொன்னால் அது மிகையன்று. தேக்கரண்டி 5 மில்லி கொள்ளும். குழம்புக் கரண்டி சிறியதாயினும் 50 மில்லியாவது கொள்ளும். பத்து மடங்கு உப்பு! ஏற்கெனவே நீர் வற்றிய பச்சிளங் குழந்தையின் உடம்பில் அவ்வளவு உப்பு புகுந்தால் வலிப்பு காணும். உயிருக்கே இறுதியாகவும் முடியும். நடையழகுக்காக நான் நீக்கிய 'தே' என்னும் ஓர் எழுத்து, ஒரு குழந்தையின் வாயருகே வரை போய்விட்டது. அதைத் தடுத்தது என் படிப்பன்று. மேலதிகாரியின் கையொப்பமும் அன்று. தாராவியில் ஒரு தாய் நாக்கில் வைத்துப் பார்த்ததுதான்.

நான் எண்ணாமற்போன மற்றொன்றையும் அக்கடிதம் காட்டியது. படிப்பவர் கண்ணுக்கு முன் வாக்கியம் முழுவதும் இருக்கும், பின்னோக்கிப் பார்த்துக்கொள்வார். கேட்பவருக்கோ கடைசிச் சொல்தான் காதில் நிற்கும். பிற மாநிலங்களில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகள் பலருக்குத் தமிழ் பேச வரும், எழுத்து வராது. ஆகையால் அங்கே ஒரு பிரசுரத்தை ஒருவர் படித்தால் பத்துப் பேர் கேட்கின்றார்கள். அச்சிட்டதும் அவர்களிடத்தில் ஒலிபரப்பாகிவிடுகின்றது. தலைநகரில் மேசைக்கு முன் உட்கார்ந்திருந்த எனக்கு இது எப்படித் தெரிந்திருக்கும்?

பிரசுரங்களைத் திரும்பப் பெற்றுத் திருத்தச் சீட்டு ஒட்டுவதற்குப் பதினெட்டு நாட்கள் ஆயின. கோப்பு நகரும் வேகம் நேயர்கள் அறிந்ததே. அதற்கு முன்பாக, அன்று மாலையே, அந்த அம்மையாருக்கு நான் செய்தது தப்பு, நீங்கள் செய்ததே சரி என்று கடிதம் எழுதித் தபாலில் சேர்த்தேன். அலுவலக வழக்கப்படி 'தங்கள் கடிதம் கிடைத்தது. உரிய நடவடிக்கை எடுக்கப்படும்' என்ற அச்சிட்ட அட்டையை அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

இந்நிகழ்ச்சிக்குப் பிறகு நேயர் கடிதங்களை நான் படிக்கும் முறை மாறியது. 'மிக்க பயனுள்ள கட்டுரை, தொடர்க தங்கள் தொண்டு' என்று வருகின்ற கடிதங்களில் மகிழ்ச்சி உண்டு; பயன் இல்லை. வசைக் கடிதங்களிலும் சில வேளை பயன் உண்டு. கோபத்தை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் அடியில் ஒரு செய்தி கிடக்கும். எனக்கு வேண்டுவது மூன்றாவது வகை. இந்தப் பக்கத்தில் இந்தச் சொல்லை நாங்கள் இவ்வாறு பொருள் கொண்டோம், அதன்படி செய்தோம், இன்னது நடந்தது என்று எழுதும் கடிதம். நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து ஒருவர், இரும்பாலையிலிருந்து ஒருவர், துணி ஆலையிலிருந்து ஒருவர் என்று எழுதுகின்றார்கள். நான் அகராதியைப் புரட்டி ஒரு பொறிக்குப் பெயர் வைத்திருப்பேன். நாங்கள் அதை அப்படிச் சொல்வதில்லை என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். தொடக்கத்தில் எனக்குச் சிறிது மனத்தாங்கல் உண்டாகும். மறுநாள் அவர்கள் சொல்லைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வேன்.

நேயர்களுக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. கடிதம் எழுதும்போது இலக்கணப் பிழைக்கு அஞ்ச வேண்டாம். எழுத வராதவர் பக்கத்தில் இருந்தால் அவர் சொல்லுவதையும் கேட்டு எழுதுங்கள். அவர் பெயரையும் போடுங்கள். எந்தப் பேச்சு, எந்த நாள், எந்தப் பக்கம் என்று குறித்தால் தேடுவதற்கு எளிதாகும். பதில் வரத் தாமதமானால் மறுபடியும் எழுதுங்கள்.

தாராவி அம்மையார் அவ்வாறு மறுபடியும் எழுதினார். படிக்கத் தெரிந்தவர் இல்லாத வரிசையில் என்ன செய்வார்கள், கரண்டியின் படத்தைப் போட்டால் என்ன என்பது இரண்டாம் கடிதத்தின் கேள்வி. அடுத்த பதிப்பில் படம் சேர்ந்தது. படம் வெளியான சில வாரங்களில் சூரத்திலிருந்து ஒரு நேயர் எழுதினார்: படத்தில் உள்ள கரண்டி பெரிதாகத் தெரிகின்றதாம், பக்கத்தில் ஒரு தீப்பெட்டியையும் வரைந்திருந்தால் அளவு விளங்கியிருக்குமாம். அக்கடிதம் இப்போது என் மேசைமேல் இருக்கின்றது. சித்திரக்காரரை நாளை வரச் சொல்லியிருக்கின்றேன். தீப்பெட்டியை நானே வாங்கி வைத்திருக்கின்றேன்.